பெயரேடும் அணுகுரிமையும்

தூத்துக்குடி 1974-ஆம் ஆண்டு சூலை 11-ஆம் நாள் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பெற்றது, 2011-இல் வ.உ.சி.யின் பெயரைத் தாங்கியது. அத்தகையதொரு துறைமுகத்தின் பணியாளர் விவரங்களைக் கணினிப் பெயரேட்டில் அமைப்பதாகக் கொள்வோம். பெயர், பிரிவு, தொலைபேசி எண், கடவுச்சொல் ஆகியவை ஒவ்வொருவர்க்கும் உரிய பண்புகள்.

ஒருவரைத் தேடும்போதெல்லாம் கணினி ஏடு முழுவதையும் புரட்டினால் காலம் வீணாகும். ஆகவே பெயருக்கெனத் தனி அட்டவணை அமைக்கிறோம். முழுப்பெயரால் தேட ஒருவகை அட்டவணை. ‘முத்து’ என்னும் பகுதி மட்டும் தெரிந்தால் மற்றொரு வகை. எல்லாப் பண்புகளுக்கும் அமைத்துவிடலாமே எனில், ஆகாது. ஏட்டைத் திருத்துந்தோறும் அட்டவணையையும் திருத்த வேண்டுமன்றோ? அடிக்கடி தேடப்படுவதற்கே அட்டவணை தகும்.

விரைந்து காண்பது வேறு. காணும் உரிமை வேறு. ஓப்பன்எல்டாப் என்னும் மென்பொருள் அணுகுரிமை விதிகளை மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் பொருந்துவதோடு நின்றுவிடும். ‘யாவரும் யாவற்றையும் படிக்கலாம்’ என்பது முதல் விதியானால், கடவுச்சொல்லைக் காக்க அடுத்து எழுதிய விதி பயனற்றுப் போகும். பூட்டு இருந்தும் கதவு திறந்தே கிடக்கும். இலக்கண நூலில் பொதுவிதி முன்னும் சிறப்புவிதி பின்னும் வரக் கண்டிருப்பீர்கள். இங்கோ சிறப்புவிதியே முந்தி நிற்றல் வேண்டும் என்பதையே நான் வற்புறுத்த விரும்புகிறேன்.