உலகப் பஞ்சாயத்தைத் திட்டிய தலைவர்கள்!

ஊர்ப் பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்கிறார்கள். ஜெயித்தவர், "நியாயமான பஞ்சாயத்து" என்று புகழ்கிறார். தோற்றவர், "இதெல்லாம் ஒரு பஞ்சாயத்தா?" என்று துண்டை உதறிக்கொண்டு போகிறார்.

உலகப் பஞ்சாயத்தாகிய ஐ.நா. சபைக்கும் இதே கதைதான்!

பிரான்சின் கோபம்

1960-ம் ஆண்டு செப்டம்பர் மாதம். பிரான்சு நாட்டின் ஜனாதிபதி டிகால், நாந்த் நகரில் பேசினார். ஐ.நா. சபையை "மஷான்" என்று குறிப்பிட்டார்.

ஒரு சாமானின் பெயர் வாயில் வராவிட்டால், "அது என்னவோ ஒன்று" என்போம் அல்லவா? அதுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம்!

ஏன் இந்தக் கோபம்? அப்போது அல்ஜீரியாவில் பிரான்சு போர் நடத்திக்கொண்டு இருந்தது. ஐ.நா.வில் பல நாடுகள் அதைக் கண்டித்தன.

ஆனாலும், முக்கிய தீர்மானங்களைத் தன் ஒரே ஓட்டினால் தடுக்கும் "வீட்டோ" அதிகாரத்தை பிரான்சு விட்டுவிடவில்லை.

"ராஜினாமா செய்!"

அதே ஆண்டில் ருஷியத் தலைவர் குருஷேவும் சீறினார். காங்கோ நாட்டில் ஐ.நா. படை நடந்துகொண்ட விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. பொதுச் செயலாளர் ஹாமர்ஷீல்ட் பதவி விலகவேண்டும் என்றார்.

ஹாமர்ஷீல்ட் அசையவில்லை. அக்டோபர் 3-ந் தேதி சபையில் பதில் சொன்னார்.

ஐ.நா.வின் பாதுகாப்பு வல்லரசுகளுக்குத் தேவை இல்லை. மற்ற நாடுகளுக்குத்தான் தேவை. அவர்களுக்காகப் பதவியில் இருப்பேன் என்றார். கைதட்டல் மண்டபத்தை அதிரவைத்தது.

அடுத்த ஆண்டு, காங்கோ சண்டையை நிறுத்தப் பேச்சு நடத்தப் போகும் வழியில், விமானம் விழுந்து அவர் இறந்தார். அமைதிக்கான நோபல் பரிசு, அவர் இறந்தபின் அவருக்கு வழங்கப்பட்டது.

காங்கோ படைச் செலவில் தங்கள் பங்கைக் கொடுக்க ருஷியாவும் பிரான்சும் மறுத்தன. அதுவும் சபையின் செலவே என்று 1962-ல் உலக நீதிமன்றம் கருத்துச் சொன்னது. அப்போதும் அவை இணங்கவில்லை.

போனவர் திரும்பினார்

இந்தோனேசியத் தலைவர் சுகர்ணோ ஒரு படி மேலே போனார். பாதுகாப்பு சபையில் மலேசியாவுக்கு இடம் கொடுத்ததால், 1965 ஜனவரியில் ஐ.நா.வை விட்டே விலகினார்.

ஆட்சி அதிகாரம் சுகார்த்தோவின் கைக்குப் போனது. 1966 செப்டம்பரில் இந்தோனேசியா மீண்டும் சபையில் வந்து உட்கார்ந்தது!

சிறிய நாடுகளின் எண்ணம்

புதிதாக விடுதலை பெறும் நாடுகள் என்ன நினைக்கின்றன?

2011 ஜூலை 9-ந் தேதி தெற்கு சூடான் விடுதலை அடைந்தது. ஐந்தே நாளில் ஐ.நா.வில் 193-வது உறுப்பினராகச் சேர்ந்தது.

பலசாலிக்குப் பஞ்சாயத்து ஒரு தொந்தரவு. எளியவனுக்கோ, தன் வழக்கைச் சொல்ல அந்த மரத்தடியை விட்டால் வேறு இடம் ஏது?