கீரிமலை இறைவனும் அப்பர் கண்ட அரவும்

கீரிமலைத் தலத்து இறைவனுக்கு நகுலேசுவரர் என்று பெயர். நகுலம் என்னும் வடசொல் கீரியைக் குறிக்கும். கீரிமுகம் கொண்டிருந்த நகுல முனிவர் இங்குள்ள நன்னீர் ஊற்றில் நாடோறும் நீராடி அம்முகம் நீங்கப்பெற்றார் என்பது தலவரலாறு. சோழர் குலத்து மாருதப்புரவீகவல்லி குதிரைமுகம் நீங்கப்பெற்ற கதையும் இந்நீரோடு சேர்த்தே கூறப்படுகிறது. மலை என்ற பெயரை நம்பிச் செல்வோர் அங்கே ஏறுதற்கு ஒரு மலையையும் காணார். கடலை அடுத்த சுண்ணக்கல் மேட்டையே காண்பர். அது நிற்க. கீரியின் பெயரால் வழங்கும் இவ்விறைவனும் அரவணிந்த பெருமானே. தீராப் பகைக்குக் கீரியையும் பாம்பையும் உவமை கூறும் வழக்குடைய நாம், கீரிக்கு நாயகன் பாம்பைத் தாங்கி நிற்பதைச் சற்று நின்று நோக்குதல் தகும்.

அஞ்சப்படும் விலங்கினிடத்தும் அருள் வேண்டும் என்று கூறும் பாடல்கள் தமிழில் இருவகையாக அமைகின்றன. நேரே அறிவுறுத்துவன ஒருவகை. பகைவனுக்கு அருளுமாறு தம் நெஞ்சை வேண்டும் பாரதியார், தம்மை இரையாக்க வரும் வேங்கையிடத்தும் பராசக்தியைக் காணுமாறு அந்நெஞ்சுக்குக் கூறுகிறார். உயர்ந்த கட்டளை அது, ஆயினும் கட்டளைதான். வேங்கையின் உள்ளத்தில் அவ்வேளை என்ன நிகழ்ந்தது என்பதைப் பாடல் சொல்வதில்லை. மற்றொரு வகை, அறிவுரை எதுவும் கூறாமல், அவ்வுயிரின் பக்கம் நின்று உலகைக் காட்டுவது. ஏழாம் நூற்றாண்டினரான திருநாவுக்கரசரின் பாடல் ஒன்று இவ்வகையைச் சார்ந்தது. இதுவே வலிமை மிக்கது என்பது நம் கருத்து.

கீரிமலைக்கெனத் தேவாரப் பதிகம் கிடைத்திலது. ஈழத்துத் தலங்களுள் திருக்கோணமலையும் திருக்கேதீச்சரமுமே அப்பேறு பெற்றவை. நாம் கருதும் பாடல் நான்காம் திருமுறையில், கெடில நதிக்கரை இறைவனைப் பாடும் பதிகத்தில் உள்ளது. அதன் பொருள் வருமாறு: இறைவன் திருமேனியில் பாம்பு கிடக்கிறது. அருகே அதனைக் கண்ட அரிவை அஞ்சி மயங்குகிறாள். கிடந்த பாம்போ அவள் சாயலைக் கண்டு, இவள் மயிலோ என்று ஐயுற்று நடுங்குகிறது. நீர் தங்கிய சடைமேல் உள்ள பிறையும் ஏங்குகிறது. இவையெல்லாம் நிகழ, ஆங்கே கிடக்கும் மண்டையோடு நகைக்கிறது.

அணிநூலார் இதனை மயக்க அணியென்று பெயரிட்டு அப்பாற் செல்லக்கூடும். அவ்வளவில் நிறுத்துதல் இப்பாடலுக்குச் செய்யும் நீதியன்று. அரிவை பாம்புக்கு அஞ்சுதல் எவரும் எதிர்பார்ப்பது. பாம்பு அரிவைக்கு அஞ்சுதலே அப்பர் புதிதாகக் கண்டது. அவ்வச்சத்துக்கு அவர் தரும் காரணமும் இயற்கையோடு இயைந்தது. மயில் சிறு பாம்புகளைப் பிடித்துண்ணும் பறவை. தலைமுறை தலைமுறையாக இரையாகிவந்த உயிருக்கு அழகிய சாயல் ஒன்று அருகில் தோன்றினும் ஐயமே முந்துகிறது. ஆக, ஒருவரையொருவர் கொல்வரென்று இருவரும் ஒரே கணத்தில் நடுங்குகின்றனர். இருவருள் எவருக்கும் கொல்லும் எண்ணமில்லை. இதனை அறிந்தது அந்தத் தலையோடு ஒன்றே. இனி இழப்பதற்கு ஒன்றுமில்லாத ஒன்று சிரிப்பதில் வியப்பென்ன? பக்திப் பாடல்களில் இத்துணை நுண்ணிய நகைச்சுவை அரிது.

அப்பர் கண்டதை இன்றைய விலங்கியலும் மறுக்கவில்லை. பாம்புக்குப் புறச்செவி இல்லை. நிலத்தின் அதிர்வைத் தாடையெலும்பின் வழி உணர்ந்து, வருவது பெரிய உயிரெனின் விலகிச் செல்ல முயல்கிறது. நஞ்சு அதற்கு இரைபிடிக்கும் கருவி. உண்ணமுடியாத மனிதன்மேல் அதனைச் செலவிடுதல் பாம்புக்கு ஊதியம் தருவதன்று. நாகம் படமெடுத்து நிற்பதைச் சினம் என்கிறோம். தப்பிச் செல்ல வழி காணாத அச்சத்தின் தோற்றமே அது.

இவ்வாறு கூறுதல் எளிது, பாம்புகடியால் பிள்ளையை இழந்த வீட்டில் இதனைக் கூறமுடியுமா என்று கேட்போர் உளர். கேட்கவேண்டிய வினாவே. அப்பருக்கும் அது நேர்ந்தது. திங்களூரில் அப்பூதியடிகள் அவருக்கு அமுது படைக்க விரும்பியபோது, வாழைக்குருத்து அரியச் சென்ற மூத்த மகனைப் பாம்பு தீண்டிற்று. அவன் இறந்தான் என்று சேக்கிழார் உரைக்கிறார். அப்போது அப்பர் பாடியது விடந்தீர்த்த பதிகம். ஒன்று, இரண்டு என்று எண்ணிச் செல்லும் அப்பதிகத்தில் பாம்பைப் பழிக்கும் சொல் இல்லை. மாறாக, ஐந்து என்னும் எண்ணுக்கு இறைவனின் ஆடும் அரவின் படங்களையே அவர் எடுத்துக் கொள்கிறார். பிள்ளையின் உடல் முன்னே கிடக்க, கொன்ற இனத்தையே இறைவனின் அணியாகப் பாடியவரை நஞ்சின் கொடுமை அறியாதவர் என்று எவரும் கூறார்.

இவ்வினா கீரிமலைச் சூழலில் ஏட்டளவில் நிற்பதன்று. 1990ஆம் ஆண்டு போரினால் வலிகாமம் வடக்கு மக்கள் தம் ஊர்களை விட்டு அகன்றனர். 2009இல் போர் முடிந்தபின் காணிகள் பகுதி பகுதியாகவே விடப்பட்டன. ஆள்புழக்கமற்ற வளவுகளில் பற்றை மண்டும். இடிந்த சுவர்களிடையே எலி பெருகும். எலியைத் தொடர்ந்து நாகமும் புடையனும் வரும். மீண்டுவந்து கத்தியோடு பற்றை வெட்டுவோன் அங்கே குடியிருந்த உயிரைக் காணும்போது, அப்பர் பாடலின் அரிவையும் அரவுமே எதிரெதிர் நிற்கின்றனர். தன் மண்ணுக்குத் திரும்பியவன் அவன். அம்மண்ணில் பிறந்தது அது. யாருடைய வளவு என்று வழக்குத் தீர்ப்பது எளிதன்று.

அவன் அஞ்சுதல் பிழையன்று. விரியன் இரவில் தரையிற் படுத்திருப்போரைத் தீண்டும். வலி சிறிதாகவே இருத்தலின் உறங்கியோர் அறியாமலே இறத்தலும் உண்டு. பாம்புகடியை உலக சுகாதார நிறுவனம் 2017ஆம் ஆண்டிலேயே புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் வரிசையிற் சேர்த்தது. ஆயினும் தடி இந்நோய்க்கு மருந்தன்று. அடிக்க முற்பட்டுக் கடிபட்டோர் பலர். கட்டிலும் நுளம்புவலையும், இரவில் நடப்போன் கையில் விளக்கும், வீட்டோரத்து விறகடுக்கை அகற்றுதலும், கடிபட்டவனைத் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுதலுமே உயிர்காப்பன.

வைத்தியசாலையில் ஏற்றப்படும் மருந்தும் பாம்பிலிருந்தே வருவது. இலங்கையில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவருவது இந்தியாவில் ஆக்கப்படும் நச்சுமுறி மருந்து. நாகம், விரியன், புடையன், சுருட்டை ஆகிய நான்கின் நஞ்சைக் குதிரைக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அதன் குருதியில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்து அதனை ஆக்குகின்றனர். அந்நஞ்சில் பெரும்பகுதியைத் தருவோர் தமிழ்நாட்டு இருளர். பாம்புத்தோல் வணிகம் தடைப்பட்டபின், 1978ஆம் ஆண்டில் மாமல்லபுரத்தை அடுத்து அவர்கள் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். முன்பு தோலுக்காகக் கொன்ற அதே பாம்புகளை இப்போது உயிரோடு பிடித்து, மட்பானைகளில் சில வாரம் வைத்து நஞ்செடுத்தபின், மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகின்றனர்.