வெள்ளமும் மேய்ச்சலும்: காசிரங்காவின் வழித்தடங்கள்

காட்டு விலங்குகள் மனம்போன போக்கில் திரிகின்றன என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. உற்று நோக்கினால், அவை கணக்குப் பார்த்தே நகர்கின்றன என்பது புலப்படும். நடக்கும் ஒவ்வொரு காதமும் உடல் வலுவில் செலவு. உண்ணும் ஒவ்வொரு கவளமும் வரவு. வரவு மிகும் இடத்தை நாடி விலங்கு செல்கிறது. அது குறையும்போது வேறிடம் பெயர்கிறது. நீர், நிழல், குட்டிகளின் பாதுகாப்பு ஆகியனவும் இக்கணக்கில் அடங்கும். இதனைத் தெளிவாகக் காண்பதற்கு அசாம் மாநிலத்தின் காசிரங்கா தேசியப் பூங்கா மிகவும் ஏற்ற இடமாகும்.

பூங்காவின் வடக்கே பிரம்மபுத்திரா ஆறு பாய்கிறது; தெற்கே கார்பி ஆங்லாங் குன்றுகள் உயர்ந்து நிற்கின்றன. இடைப்பட்ட தாழ்நிலத்தில் ஆளுயரத்தை விஞ்சும் புல்வெளிகளும், அசாமியர் ‘பீல்’ என்றழைக்கும் நீர்நிலைகளும், திட்டுத்திட்டான மரக்காடுகளும் பரந்துள்ளன. 1985-இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கு 2,613 ஒற்றைக் கொம்புக் காண்டாமிருகங்கள் வாழ்கின்றன.

ஒரே நிலத்தில் வாழ்ந்தாலும் எல்லா விலங்குகளும் ஒன்றுபோல் மேய்வதில்லை. காண்டாமிருகம் தன் கூரிய மேலுதட்டால் உயர்ந்த புல்லை வளைத்துப் பற்றி உண்ணும், நீர்த்தாவரங்களையும் விரும்பும். பன்றிமான் குட்டைப் புல்லையும் இளந்தளிரையும் நாடும். குளிர்காலத்தில் வனத்துறையினர் முற்றிய புல்லைப் பகுதி பகுதியாகக் கட்டுப்பாட்டுடன் எரிப்பர். அங்கே புதுத்தளிர் முளைத்ததும் மேயும் விலங்குகள் திரளும். யானையின் தேவையோ மிகப் பெரிது. வளர்ந்த யானை நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ தீவனம் உண்ணும். அதில் பாதிக்கும் குறைவாகவே செரிக்கும். ஆதலால் ஒரே இடத்தில் தங்கி அதனால் பசியாற இயலாது. மூத்த பெண் யானை வழிநடத்த, கூட்டம் சமவெளிக்கும் குன்றுகளுக்கும் இடையே பருவந்தோறும் பெயர்ந்து செல்கிறது.

மழைக்காலத்தில் பிரம்மபுத்திரா கரை கடந்து பூங்காவினுள் புகுகிறது. இவ்வெள்ளத்தை வெறும் பேரிடராகக் கருதிவிடலாகாது. அது வண்டலைப் பரப்பி நிலத்தை வளமாக்குகிறது, நீர்நிலைகளை நிரப்புகிறது, ஆகாயத்தாமரையை அடித்துச் செல்கிறது, புல்வெளி மரக்காடாக மாறிவிடாமல் தடுப்பதிலும் அதற்குப் பங்குண்டு. அடுத்த கோடையின் மேய்ச்சல் இந்த வெள்ளத்திலிருந்தே பிறக்கிறது.

எனினும் நீர் ஏறும் நாட்களில் விலங்குகளுக்கு மேடு வேண்டும். பெருவெள்ளத்தில் பூங்காவின் பெரும்பகுதி மூழ்கிவிடும். வனத்துறை அமைத்துள்ள மண்மேடுகள் பல உயிர்களைக் காக்கின்றன. ஆனால் அவற்றில் இடமும் தீவனமும் சிறிதளவே. ஆகவே யானைகளும் மான்களும் பிறவும் தெற்கே குன்றுகளை நோக்கிப் புறப்படுகின்றன.

அந்தப் பயணத்திற்குக் குறுக்கே தேசிய நெடுஞ்சாலை 715 செல்கிறது. சாலையோரத்தில் ஊர்களும் தேயிலைத் தோட்டங்களும் விடுதிகளும் பெருகியுள்ளன. எஞ்சியுள்ள வழிகளில் ஒன்பது, விலங்கு வழித்தடங்களாக அடையாளம் காணப்பட்டுள்ளன. அவற்றில் புதிய கட்டுமானங்களுக்கு உச்ச நீதிமன்றம் 2019-இல் தடை விதித்தது. வெள்ளக் காலத்தில் வழித்தடப் பகுதிகளில் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் வாகனம் ஓட்டக்கூடாது. நுழையும் நேரத்தைக் குறித்த அட்டையை ஓட்டுநரிடம் அளித்து மறுமுனையில் சரிபார்க்கும் முறையும் உண்டு. களியாபோர் – நுமலிகர் இடையே சாலையை அகலப்படுத்தும் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2025 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது. அதில் சுமார் 34 கிலோமீட்டர் தூரத்திற்கு, விலங்குகள் கீழே கடந்து செல்லும்படி உயர்மட்டச் சாலை அமையவுள்ளது.

வெள்ளம் வடிந்த பின்னும் சிக்கல் தீர்வதில்லை. கார்த்திகை, மார்கழியில் சுற்றுவட்டார வயல்களில் நெல் முற்றும். சிதறிக் கிடக்கும் காட்டுப்புல்லை நாள் முழுதும் தேடுவதைவிட, செறிவான சத்துள்ள நெற்கதிரை ஓரிரவில் உண்பது யானையின் கணக்கில் பெரும் ஆதாயம். உழவரின் கணக்கிலோ அது பல மாத உழைப்பும் பயிர்க்கடனும் ஒருசேர அழியும் இரவு. பரண் அமைத்து விடியும்வரை காவல் இருக்கும் அவர்தம் துயரை மறந்துவிட்டு விலங்குப் பாதுகாப்பைப் பற்றி மட்டும் நாம் பேசுவது முறையாகாது.

2026 காரிஃப் பருவம் முதல் காட்டு விலங்குகளால் நேரும் பயிர்ச்சேதமும் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் இடம்பெறும் என மத்திய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது. எந்தெந்த விலங்குகள், எந்தெந்தப் பகுதிகள் என்பதை மாநில அரசுகள் அறிவிக்கும். சேதம் நேர்ந்த 72 மணி நேரத்திற்குள் பயிர்க் காப்பீட்டுச் செயலியில் படங்களுடன் தெரிவிக்க வேண்டும். காடுகளை அடுத்து வாழும் உழவர்கள் தமக்கு இது பொருந்துமா என்பதை விதைப்புக்கு முன்பே கேட்டறிவது நலம்.

காசிரங்கா விலங்குகளுக்குச் சமவெளி உணவளிக்கிறது. குன்று அடைக்கலம் தருகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட வழி அடைபட்டால் இரண்டாலும் அவற்றுக்குப் பயனில்லை. மழைக்காலத்தில் அவ்வழியே செல்ல நேரும் நம் வாசகர்கள், வழித்தடப் பலகையைக் கண்டதும் வேகத்தைக் குறையுங்கள், ஒலிப்பானைத் தவிருங்கள், கூட்டத்தின் கடைசிக் குட்டி சாலையைக் கடக்கும்வரை காத்திருங்கள். நமக்கு அது சில நிமிடத் தாமதம், அக்குட்டிக்கு உயிர்.