மருத்துவர் சௌந்தரம் அம்மையார்

திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குச் செல்லும் இருப்புப்பாதையில் ஒட்டன்சத்திரம் என்னும் ஊர் உள்ளது. அதன் தெற்கே பழனி மலைத்தொடர் நீல மதில்போல் நீண்டு கிடக்கும். சுற்றிலுமுள்ள சிற்றூர்களில் விளையும் காய்கறிகள் வண்டி வண்டியாக இவ்வூர்ச் சந்தையில் வந்து குவியும். அக்காய்களுக்கு நீர் பாய்ச்சிக் களையெடுத்துப் பறித்துக் கூடையில் நிரப்பியவர்களுள் பெண்கள் பலர். வயலில் ஆணுக்கு நிகராக உழைக்கும் பெண், நாட்டை ஆளும் மன்றத்திலும் நிகராக அமர வேண்டாவா? இவ்வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாகத் தந்த பெருமாட்டி ஒருவர் இத்திண்டுக்கல் பகுதியிலேயே வாழ்ந்தார். அவரே மருத்துவர் சௌந்தரம் இராமச்சந்திரன்.

இளமையில் வந்த இடுக்கண்

சௌந்தரம் அம்மையார் 1904ஆம் ஆண்டில் திருநெல்வேலியில் பிறந்தார். தென்னாட்டில் பேருந்துப் போக்குவரத்தை வளர்த்தவர்களுள் ஒருவரான டி. வி. சுந்தரம் ஐயங்கார் இவருடைய தந்தையார். இலட்சுமி அம்மாள் தாயார். அக்கால வழக்கப்படி இவருக்கு மிக இளம் வயதிலேயே திருமணம் நடந்தது. கணவர் சௌந்தரராஜன் ஒரு மருத்துவர். பெண்கள் கற்று முன்னேற வேண்டும் என்ற பரந்த எண்ணம் உடையவர். அவர் பிளேக் என்னும் கொள்ளைநோய்க்கு இரையானார். தமக்குப்பின் மனைவி வீட்டின் மூலையில் முடங்கிவிடலாகாது. கல்வி பயின்று புதுவாழ்வு தொடங்கவேண்டும் என்பதே அவருடைய விருப்பமாக இருந்தது.

கைம்பெண்ணுக்கு அந்நாளில் சமுதாயம் வகுத்திருந்த இடம் எது? மங்கல நிகழ்ச்சிகளில் அவளுக்கு இடமில்லை; நல்ல ஆடைக்கும் அணிக்கும் உரிமையில்லை. எத்தனையோ இளம்பெண்களின் அறிவும் ஆற்றலும் இருட்டறைகளில் வீணாயின. சௌந்தரம் அம்மையாரோ கணவரின் விருப்பத்தை நெஞ்சில் ஏற்றுப் படிக்கத் துணிந்தார். பெற்றோரும் அதற்குத் துணை நின்றனர்.

மருத்துவக் கல்வியும் மறுமணமும்

தில்லியில் மகளிர்க்கென அமைந்த ஹார்டிஞ்ச் சீமாட்டி மருத்துவக் கல்லூரியில் அம்மையார் சேர்ந்தார். 1936ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு முப்பது வயது கடந்திருந்தது. கல்லூரித் தோழி சுசீலா நய்யார் வாயிலாக அவர் காந்தியடிகளை அறிந்தார். அந்த அறிமுகம் அவருடைய வாழ்க்கைப் பாதையையே மாற்றியது.

தேசத் தொண்டில் ஈடுபட்டிருந்த கோ. இராமச்சந்திரன் என்பவரும் அம்மையாரும் ஒருவரையொருவர் மணக்க விரும்பினர். இராமச்சந்திரன் கேரள நாட்டவர், சாந்திநிகேதனத்தில் பயின்றவர். மொழியும் சமூகமும் வேறாயின. மணமோ ஒரு கைம்பெண்ணின் மறுமணம். எனவே அம்மையாரின் பெற்றோர் இதற்கு எளிதில் இசையவில்லை. இருவரும் ஓராண்டுக் காலம் பிரிந்திருந்து தம் மனவுறுதியைச் சோதித்துக்கொள்ளுமாறு காந்தியடிகள் அறிவுறுத்தினார். ஓராண்டு கழிந்தது; உறுதி தளரவில்லை. 1940ஆம் ஆண்டில் சேவாகிராம ஆசிரமத்தில், காந்தியடிகளின் முன்னிலையில் திருமணம் நடைபெற்றது. 1942ஆம் ஆண்டின் ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்தில் இருவரும் பங்கு கொண்டனர்.

காந்தி கிராமம்

1944ஆம் ஆண்டில் கஸ்தூரிபா அம்மையார் மறைந்தார். அவர் நினைவாகச் சிற்றூர்ப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தொண்டாற்ற ஒரு நிதி திரட்டப்பட்டது. அதன் தென்னாட்டுப் பணிகளைக் கவனிக்கும் பொறுப்பைக் காந்தியடிகள் சௌந்தரம் அம்மையாரிடம் ஒப்படைத்தார்.

நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டின் அக்டோபர்த் திங்களில், திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையே, சிறுமலையின் அடிவாரத்தில், நெசவுக்குப் பெயர்பெற்ற சின்னாளபட்டியை அடுத்துக் காந்தி கிராமம் தோன்றியது. இரண்டே படுக்கைகள் கொண்ட சிறு மருத்துவ நிலையமாகத் தொடங்கியதுதான் பின்னர்க் கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. பேறுகாலத்தில் தக்க உதவியின்றித் தாயும் சேயும் மாண்டுபோவது சிற்றூர்களில் அந்நாளில் அரிதன்று. அதனைத் தடுக்க, ஊர்ப்பெண்களுக்கே பயிற்சி தந்து, ஊர்தோறும் அனுப்புவது சாலச் சிறந்தது என அம்மையார் கண்டார். மருத்துவர் ஒருவர் எத்தனை ஊர்களுக்குச் செல்ல முடியும்? பயிற்சி பெற்ற பெண்ணோ தன் ஊரிலேயே இருப்பாள். நள்ளிரவில் அழைத்தாலும் வருவாள்.

மருத்துவத்தோடு ஆதாரக் கல்விப் பள்ளி, ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லம், கதர் முதலிய கைத்தொழில்கள் என்று காந்தி கிராமத்தின் பணிகள் ஆலமரம்போல் விழுது விட்டன. 1956ஆம் ஆண்டில் கிராமியக் கல்வி நிலையம் ஏற்பட்டது. அது 1976ஆம் ஆண்டில் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது.

மக்கள் மன்றத்தில்

விடுதலை பெற்ற இந்தியா தன் முதற் பொதுத் தேர்தலை 1951-52ஆம் ஆண்டுகளில் நடத்தியது. வயது வந்த ஆண், பெண் அனைவருக்கும் வாக்குரிமை தரப்பட்டது. மக்களாட்சியின் பிறப்பிடம் எனப் போற்றப்படும் கிரேக்க நாட்டிலும் 1952ஆம் ஆண்டில்தான் பெண்கள் முழு வாக்குரிமை பெற்றனர். எலேனி ஸ்கூரா என்னும் பெண்மணி 1953ஆம் ஆண்டில் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் முதற் பெண் உறுப்பினர் ஆனார்.

நம் நாட்டில் உரிமை கிடைத்தும் அதனைப் பயன்படுத்துவதில் இடர்ப்பாடு இருந்தது. வாக்காளர் பட்டியலுக்குப் பெயர் கேட்டபோது, பெண்கள் பலர் தம் பெயரைச் சொல்லாமல், ‘இன்னாரின் மனைவி’ என்றும் ‘இன்னாரின் மகள்’ என்றும் மட்டுமே கூறினர். வடமாநிலங்களில் இவ்வழக்கம் மிகுதி. ஏறத்தாழ 28 இலட்சம் பெண்கள் இக்காரணத்தால் அத்தேர்தலில் வாக்களிக்கும் வாய்ப்பை இழந்தனர்.

பெண்கள் தம் பெயரைச் சொல்லவும் தயங்கிய அத்தேர்தலில், சௌந்தரம் அம்மையார் தம் பெயராலேயே ஆத்தூர்த் தொகுதியில் நின்று வென்று, சென்னைச் சட்டமன்றத்துள் புகுந்தார். 1957ஆம் ஆண்டில் வேடசந்தூர்த் தொகுதி அவரைத் தேர்ந்தெடுத்தது. 1962ஆம் ஆண்டில் திண்டுக்கல் தொகுதி அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. இவ்வெற்றிகளுக்குக் காரணம் யாது? வாக்குக் கேட்டு அவர் வருமுன்பே அவருடைய தொண்டு சிற்றூர்களை எட்டியிருந்தது. தம் குழந்தையின் நோயைத் தீர்த்தவரை எந்தத் தாய் மறப்பாள்?

துணை அமைச்சர்

1962ஆம் ஆண்டில் அம்மையார் இந்திய அரசின் கல்வித் துணை அமைச்சர் ஆனார். அவ்வாண்டிலேயே பத்மபூஷண் விருதும் பெற்றார். பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வி தருவதற்குப் பத்தாண்டுக்குள் முயலவேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டம் கூறியிருந்தது. அப்பத்தாண்டு 1960இல் முடிந்தும் அக்குறிக்கோள் நிறைவேறவில்லை. அன்று கல்வி மாநிலங்களின் பொறுப்பில் இருந்தது. நடுவண் அரசு வழிகாட்டவும் பொருளுதவி செய்யவுமே இயலும். எனவே, ஆணையிடுவதைவிட எடுத்துரைத்து இசைவிப்பதே அமைச்சர்களின் கடமையாயிற்று. தொடக்கக் கல்வி சிற்றூரின் ஏழைக் குழந்தைக்கும் எட்டவேண்டும் என்பதில் அம்மையார் ஊக்கம் காட்டினார். மாணவர்கள் ஊர்ப்பணியிலும் ஈடுபடவேண்டும் என அவர் விரும்பினார். இத்தகைய கருத்துகளின் பயனாக 1969ஆம் ஆண்டில் நாட்டு நலப்பணித் திட்டம் உருவாயிற்று.

தோல்வியும் தொண்டும்

1967ஆம் ஆண்டுத் தேர்தலில் தமிழ்நாட்டில் அரசியல் காற்று திசை மாறி வீசியது. திண்டுக்கல் தொகுதியில் அம்மையார் தோல்வியுற்றார். பதவி போயிற்று. பதவியையே வாழ்வாகக் கொண்டவருக்கு அதனை இழந்தபின் யாது எஞ்சும்? அம்மையாருக்கோ காந்தி கிராமம் இருந்தது. மருத்துவமனை வாயிலில் நோயாளிகள் காத்திருந்தனர். இல்லத்தில் குழந்தைகள் காத்திருந்தனர். அவர் மீண்டும் தம் தொண்டிலே ஆழ்ந்தார்.

மக்கள் மன்றத்தில் அவர் பதினைந்து ஆண்டுகள் இருந்தார். தொண்டோ அதற்கு முன்னரே தொடங்கியது. அதற்குப் பின்னரும் தொடர்ந்தது. 1984ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அம்மையார் இயற்கை எய்தினார். 2005ஆம் ஆண்டில் இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

மாணவ மாணவியரே! பழனிச் சாலையிலோ மதுரைச் சாலையிலோ நீங்கள் செல்ல நேரின், காந்தி கிராமத்தைச் சென்று காணுங்கள். விளக்கு அணைந்த வீடு என்று ஊரார் இரங்கிய ஒரு வாழ்வு, எத்தனை வீடுகளில் விளக்கேற்றியது என்பது அங்கே விளங்கும். தேர்தலில் வெற்றியும் தோல்வியும் மாறி மாறி வரும். மக்களுக்குச் செய்த தொண்டுக்கு ஒருநாளும் தோல்வியில்லை.