குழிக்குள் நிரப்பிய மண்ணின் பாரம்

ஒரு பீப்பாய்க்குள் தண்ணீரை நிரப்ப நிரப்ப அடியில் அமுக்கம் ஏறிக்கொண்டே போகும். நெல்லும் மணலும் அப்படியல்ல. ஓரளவு உயரத்துக்குப் பிறகு எவ்வளவு கொட்டினாலும் அடியில் பாரம் பெரிதாகக் கூடாது. மிச்சம் எங்கே போகிறது? சுவருக்கு. மணிகள் ஒன்றையொன்று நெருக்கிப் பக்கச் சுவரை உதைக்கின்றன. அந்த உராய்விலே பாதிப் பாரம் தொங்கி நிற்கிறது. ஊரிலே கொம்பறை கட்டிய எங்கள் பெரியவர்கள் சூத்திரம் எழுதாவிட்டாலும், சுவர் உறுதியாக இருக்கவேண்டும் என்பதை அறிந்திருந்தார்கள்.

இதைக் கணக்காக எழுதியவர் ஜேர்மனியின் பிறேமன் நகரத்துப் பொறியியலாளர் யான்சன். ஆண்டு 1895. பிறகு 1913இல் அமெரிக்காவின் அயோவாவில் மார்ஸ்டன் என்ற பேராசிரியர், கிடங்கு வெட்டித் தாட்ட குழாயை மேல்மண் எவ்வளவு அழுத்தும் என்று அதே வழியில் கணித்தார்.

ஒரு உதாரணம் பார்ப்போம். 1 மீற்றர் அகலம், 3 மீற்றர் ஆழமான நீளக் கிடங்கு. ஒரு கனமீற்றர் மணல் 1.8 தொன் என்று வையுங்கள். நேர்க்கணக்கில் அடியில் சதுர மீற்றருக்கு 5.4 தொன் வரவேண்டும். உராய்வையும் சேர்த்தால் ஏறக்குறைய 3.2 தொன்தான். கிடங்கை அகலமாக வெட்டினால் சுவரின் உதவி குறையும், குழாய்க்குப் பாரம் கூடும். அதனால்தான் மேற்பார்வையாளர் அகலத்தில் அவ்வளவு கண்டிப்பு. சுரங்கத்தில் இது இன்னும் பெரிது. தாது எடுத்த 6 மீற்றர் அகல வெறுமையை 60 மீற்றர் உயரத்துக்கு நிரப்பினால் 108 தொன்னுக்குப் பதிலாக 28 தொன்னளவே அடிக்கு வரும்.

ஆனால் இந்தக் கணக்கு உராய்வை நம்பியது. சுரங்கத்தில் நிரப்பும் மண்ணைத் தண்ணீரோடு கலந்துதான் பெரும்பாலும் அனுப்புகிறார்கள். அது வடியும்வரை திரவம் போலவே நடக்கும். கீழே வாயடைத்த தடுப்புச் சுவர் முழு அமுக்கத்தையும் தாங்கவேண்டிவரும். பதுங்கு குழி வெட்டிய எங்களுக்கு மாரிமழையில் சுவர் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

வந்தவுடன் குழாய் வேலைக்குப் போகும் எங்கள் பொடியன்களுக்கு முக்கியமானது வேறொன்று. வெட்டிய கிடங்கு வெறுமையானது, அதன் சுவரை எதிர்ப்பக்கத்திலிருந்து தாங்க ஒன்றுமில்லை. பக்கத்தில் முன்னர் வெட்டி மூடிய பழைய கிடங்கு இருந்தால் அந்த மண் இளகியே இருக்கும், லொறி போகும் அதிர்வே போதும். ஜேர்மனியில் 1.25 மீற்றருக்கு மேல் ஆழமென்றால் சுவரைச் சரிவாக வெட்டவேண்டும் அல்லது முட்டுக்கொடுக்கவேண்டும். அமெரிக்காவில் 5 அடி. பாஷை தெரியாவிட்டாலும் கையால் சுவரைக் காட்டி, "முட்டு எங்கே?" என்று கேட்கலாம்.

தொழிற்சாலையில் தானியத் தொட்டி அடைத்து, மேற்பரப்பு பாலம் போல நின்றால், ஈரப்பட்ட மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுதான் பெரும்பாலும் காரணம். கீழே வெறுமை இருக்கும். அதன்மேல் ஏறி மிதித்து உடைக்கச் சொன்னால் ஏறவேண்டாம். வெளியில் நின்று நீளத் தடியால் குத்தி விழுத்துங்கள்.