‘ஒரே பாட்டையே பாடுதுண்ணே!’

கரையான்சாவடியில் ஆவடி சாலை டிரங்க் ரோட்டில் வந்து சேரும் இடத்தைக் காலை நேரத்தில் காரில் தாண்ட ஒரு முழுப் பாட்டு தேவைப்படும். கலங்கரை விளக்கம் – பூந்தமல்லி மெட்ரோவுக்காகத் தூண்கள் எழும்பிய நாட்களில் இரண்டு பாட்டுகூடப் போதவில்லை. வண்டி நகராமல் நிற்கும்போதுதான் பலருக்கும் உறைக்கிறது: இதே பாட்டுதானே குமணன்சாவடியிலும் ஓடியது?

உடனே ஆக்சசரீஸ் கடைக்கு ஓடுகிறார்கள். “செட்டு போயிடுச்சுண்ணே, ஒரே பாட்டையே பாடுது” என்பதுதான் புகார். பெரும்பாலும் செட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. விரல் ரிப்பீட் பட்டனில் பட்டிருக்கும். பல ஸ்டீரியோக்களில் 1 முதல் 6 வரை எண் பட்டன்கள் இருக்கின்றன. ரேடியோ கேட்கும்போது அவை ஸ்டேஷன்களை மாற்றும். பென்டிரைவ் ஓடும்போது அவற்றில் ஒன்று ரிப்பீட், இன்னொன்று ரேண்டம். எந்த எண் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சூரியன் எஃப்.எம்.முக்குப் பழகிய விரல் பென்டிரைவ் ஓடுவதை மறந்து அதே எண்ணை அழுத்தினால், திரை ஓரத்தில் ‘ஆர்.பி.டி.’ என்று மூன்று எழுத்து பொடியாக எரியும். அதை யார் பார்க்கிறார்கள்?

திரும்பப் பாட வேண்டுமா, வேண்டாமா என்று மட்டும் அந்தப் பட்டன் கேட்பதில்லை. எந்த எல்லைக்குள் சுற்றுவது என்றும் கேட்கிறது. முதல் அழுத்தலில் ஒரு பாட்டு, அடுத்ததில் ஒரு ஃபோல்டர், அதற்கடுத்ததில் எல்லாமே. வரிசை செட்டுக்குச் செட்டு மாறினாலும் எல்லைகள் அநேகமாக இவைதான். ரிப்பீட்டை ‘ஆஃப்’ செய்வது என்று நாம் சொல்வது, பல செட்களில், ‘எல்லாம்’ என்ற எல்லைக்குத் திரும்புவதுதான். பென்டிரைவ் முடிந்ததும் முதல் பாட்டிலிருந்து தொடங்கிவிடும்.

இந்தச் சுற்றல் காருக்குப் புதிதல்ல. 1965-இல் அமெரிக்காவின் ஃபோர்டு கம்பெனி தன் 1966 மாடல் கார்களில் எட்டு டிராக் டேப்பைக் கொண்டுவந்தது. அதில் நாடாவின் இரு முனைகளும் ஒட்டப்பட்டிருக்கும். நிறுத்தினாலொழிய ஓய்வே கிடையாது. பின்னால் சுற்றவும் முடியாது. நம்மூர் கார்களில் ஆட்சி செய்தது கேசட்தான். அதில் ஆட்டோ ரிவர்ஸ் உண்டு. ஒரு பாட்டை மட்டும் திரும்பப் போட எளிய வழி இல்லை. பிடித்த பாட்டு மறுபடி வேண்டுமென்றால் ரீவைண்டை அழுத்தி, குத்துமதிப்பாக நிறுத்தி, முந்தைய பாட்டின் கடைசிச் சரணத்தில் போய் விழ வேண்டும். தீராத ரசிகர்கள் ரெக்கார்டிங் சென்டரில் 60 நிமிட கேசட்டைக் கொடுத்து, ஒரே பாட்டை இரண்டு பக்கமும் நிரப்பி வாங்கினார்கள். காசு கொடுத்து வாங்கிய ரிப்பீட் அது!

ஃபோல்டர் ரிப்பீட் எம்.பி.3 சி.டி. காலத்துப் பிள்ளை. சாதாரண ஆடியோ சி.டி.யில் பத்துப் பதினைந்து பாட்டு; ஒரு பாட்டு அல்லது முழு சி.டி. என்ற இரண்டு எல்லை போதும். 700 எம்.பி. சி.டி.யில் எம்.பி.3 பாட்டுகள் நூற்றைம்பதுக்கு மேல் அடங்கியதும், இளையராஜா ஒரு ஃபோல்டர், அம்மன் பாட்டு ஒரு ஃபோல்டர் என்று பிரிக்க வேண்டியதாயிற்று. ஆடி மாதத்தில் திருவேற்காட்டுக்கும் மாங்காட்டுக்கும் போகிற வேன்களுக்கு இதைவிட உதவியான வசதி இல்லை. எல்.ஆர். ஈஸ்வரி ஃபோல்டருக்குள்ளேயே சுற்றும். நடுவில் குத்துப்பாட்டு எட்டிப் பார்த்து, பின் சீட்டுப் பாட்டியிடம் டிரைவர் திட்டு வாங்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரு ஃபோல்டரில் ஒரே ஒரு பாட்டு இருந்தால்? ஃபோல்டர் ரிப்பீட்டும் ஒற்றைப் பாட்டு ரிப்பீட்டும் ஒன்றாகிவிடும். கந்த சஷ்டி கவசத்தை மட்டும் தனி ஃபோல்டரில் போட்டு வைத்தவர்கள் இதை நன்றாக அறிவார்கள். தலைகீழாகவும் நடக்கும்: ஒற்றைப் பாட்டு ரிப்பீட்டில் இருக்கும்போது அடுத்த பாட்டுக்குத் தாவினால், சில செட்கள் தாமாகவே எல்லையை ஃபோல்டருக்கு மாற்றிவிடும். அது பழுதல்ல, வடிவமைப்பே அப்படி.

உண்மையான பழுது ஒன்று உண்டு. ஒவ்வொரு முறை வண்டியை எடுக்கும்போதும் ரிப்பீட், கடிகாரம், ஸ்டேஷன்கள் எல்லாம் மறந்துபோனால் செட்டின் பின்னால் பாருங்கள். மஞ்சள் ஒயர் பேட்டரியிலிருந்து எப்போதும் 12 வோல்ட் வாங்கி நினைவைக் காக்கும். சிவப்பு ஒயர், சாவியைத் திருப்பினால்தான் உயிர் பெறும். அவசரத்தில் மாட்டுகிறவர்கள் இரண்டையும் முறுக்கிச் சாவி லைனில் சேர்த்து டேப் சுற்றிவிடுகிறார்கள். பாட்டு வரும், நினைவு தங்காது. இரண்டையும் பேட்டரியில் சேர்த்தாலோ, செட்டை அணைக்க மறந்த நாளில் பேட்டரி இறங்கிவிடும். புது செட் மாட்டியதும் சாவியை எடுத்து, மறுபடி போட்டு, கடிகாரம் சரியாக இருக்கிறதா என்று கடை வாசலிலேயே பார்த்துவிட்டுக் காசு கொடுப்பது உத்தமம்.

புளூடூத்தில் கதையே வேறு. அங்கே பாடுவது போன்; செட் வெறும் ஸ்பீக்கர் மாதிரிதான். செட்டில் ரிப்பீட்டை அழுத்தினால் அந்தக் கட்டளை போனுக்குப் போகிறது. அதற்கான புளூடூத் விதிமுறையில், ஏவிஆர்சிபி 1.3 என்ற பதிப்பில், ரிப்பீட்டுக்கும் ஷஃபிளுக்கும் இடம் உண்டு. இருந்தும் போனில் ஓடும் ஆப் அதற்குக் காது கொடுக்காவிட்டால் பட்டனை எத்தனை முறை குத்தினாலும் பயனில்லை. கார்பிளே, ஆண்ட்ராய்டு ஆட்டோவிலும் அதிகாரம் ஆப்பிடம்தான். ஸ்பாட்டிஃபையில் வட்டமிட்ட அம்புக்குறியை ஒரு முறை தொட்டால் முழுப் பட்டியலும் சுற்றும். மறுமுறை தொட்டால் அம்புக்குறியில் சின்னதாக 1 தெரியும், அந்த ஒரு பாட்டு மட்டும். மூன்றாவது தொடுகையில் எல்லாம் ரத்து. இந்த வேலையை வண்டியை எடுக்கும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள், அல்லது பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் போனைக் கொடுத்துவிடுங்கள்.