சில்லறைக் காசில் கல்கத்தா

சென்னையிலிருந்து ஹவுரா மெயிலில் போய் இறங்குகிறவர், வாசலில் மொய்க்கும் டாக்சிகளைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் படகுத்துறை. சில ரூபாய் டிக்கெட்டில் ஹூக்ளியைக் கடந்துவிடலாம். 1943-இல் திறந்த ஹவுரா பாலம் முழுசாகக் கண்ணில் படுவது படகிலிருந்துதான்.

ஆனாலும், பை கனமில்லை என்றால் பாலத்தின் மேல் நடப்பதே மேல். செலவே இல்லை. மறுகரையில் பாலத்தடியிலேயே மல்லிக் காட் பூச்சந்தை. ஆரஞ்சு நிறச் செண்டுமல்லிச் சரங்களைக் கயிற்றுச் சுருள்போலத் தோளில் சுமந்தபடி, வழிகேட்டுக் கத்திக்கொண்டே போவார்கள். ஓரமாக ஒதுங்கி நிற்பது புத்திசாலித்தனம். கூட்டத்தைப் பார்க்க விடிகாலையே சரியான நேரம்.

அடுத்து காலேஜ் தெரு. பழைய புத்தகக் கடைகளை மேய்ந்துவிட்டு, இந்தியன் காபி ஹவுஸில் ஒற்றைக் காபியோடு நெடுநேரம் உட்காரலாம். நம்மூர் ஃபில்டர் காபியை மட்டும் அங்கே எதிர்பார்க்கக் கூடாது!

திரும்புவதற்கு மெட்ரோ. நாட்டின் முதல் மெட்ரோ 1984-இல் ஓடியது இந்த ஊரில்தான். 2024 மார்ச்சிலிருந்து எஸ்பிளனேட் – ஹவுரா வண்டி ஹூக்ளிக்கு அடியிலேயே போகிறது. ஆற்றின் கீழே ஓடுவது ஒரு நிமிடம்கூட இல்லை. சுரங்கச் சுவரில் நீல விளக்குகள் தெரிந்தால், தலைக்கு மேலே ஆறு.